மேகம் மிஸ் பார்க்காத கோல்கள்

அந்தப் பெண்கள் கல்லூரியில் புவியியல் நடத்திக்கொண்டிருந்தவளுக்கு மாணவிகள் வைத்த பெயர் மேகம். மேகங்களைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள் என்பதற்காக மட்டும் வந்த பெயர் அல்ல. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வகுப்பு திடீரென்று நின்றுவிடும். சாக்பீஸ் கையிலேயே இருக்கும், கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே போயிருக்கும். முன் பெஞ்சுப் பெண்கள் இருமிக் காட்டுவார்கள். "எங்க விட்டேன்?" என்று திரும்பிக் கேட்பாள். யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். பரீட்சை நெருங்கும் நாட்களில் அவர்கள் எடுத்துக் கொடுக்கிற இடம் இரண்டு பாடம் தள்ளிக்கூட இருக்கும். அவள் அதைக் கவனிக்காமல் அங்கிருந்தே தொடர்வாள்.

நாற்பதைத் தாண்டியிருந்தாள். அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, "கொஞ்ச நாள் எங்ககூட வந்து இருடி" என்று அக்கா கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கொஞ்ச நாள் வருடக்கணக்கில் நீண்டுவிட்டது. கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று தடவை வாசல்வரை வந்து அப்படியே திரும்பிப் போனது. அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று அக்காவுக்குக்கூடத் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் "சரி" என்பாள். ஜன்னல் திரைக்கு இந்த நிறம் போதுமா, சரி. விடுமுறைக்கு எங்கும் போக வேண்டாமா, சரி. வீட்டில் ஒரு ஆள் கூடுதலாக இருக்கிறது என்பதே சில நாள் மறந்துபோகிற அளவுக்கு மெதுவாக நடப்பாள்.

அக்காவின் கணவருக்கு, எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. மாமாவின் சட்டைப் பையிலிருந்து எப்போதும் செம்புக் கம்பித் துண்டு ஒன்று எட்டிப் பார்க்கும். அவருக்கு உலகத்தில் பிடித்த விஷயங்கள் இரண்டு. ஒன்று, சத்தம் போடாமல் ஓடுகிற மோட்டார். இன்னொன்று கால்பந்து.

கல்லூரியின் கால்பந்து அணி வெளியூர் போனால் கூடவே ஒரு ஆசிரியையும் போக வேண்டும் என்பது விதி. அதுவரை போய்வந்துகொண்டிருந்த வணிகவியல் ஆசிரியை வேறு கல்லூரிக்குப் போய்விட்டாள். ஆசிரியர் கூட்டத்தில் கல்லூரி முதல்வர் அம்மா ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருத்திக்கு மாமியார் ஆஸ்பத்திரியில். ஒருத்திக்கு வேனில் போனால் தலை சுற்றும். சுற்றிச் சுற்றி வந்த கேள்வி மேகத்தின் முன்னால் நின்றபோது, அவள் எதிர்க் கட்டடத்தின் மேல் பஞ்சுப் பொதிபோல் ஏறிக்கொண்டிருந்த ஒரு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறை அமைதியாகிவிட்டதை உணர்ந்து திரும்பினாள். எல்லார் கண்ணும் அவள்மேல் இருந்தது.

"சரி," என்றாள்.

வெளியே வந்ததும் பக்கத்தில் நடந்த வேதியியல் ஆசிரியையிடம் கேட்டாள். "நான் எதுக்குச் சரி சொன்னேன்?"

அன்று மாலை விஷயத்தைக் கேட்ட மாமாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

"உனக்கா? சின்ன வயசுலேருந்து பந்து பந்துன்னு செத்துட்டிருக்கேன், எனக்கு ஒருத்தனும் ஒரு டீமைக் குடுத்ததில்ல. பந்து எந்தப் பக்கம் போகணும்னு தெரியாத உனக்குத் தூக்கிக் குடுத்திருக்காங்க."

"எந்தப் பக்கம் போகணும் மாமா?" என்று அவள் உண்மையாகவே கேட்டாள்.

மாமா சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு மேஜையிலேயே மைதானத்தைப் போட்டார். டம்ளர்கள் எதிரணி. உப்பு டப்பா நம் ஆள். "இப்ப பந்தை உதைக்கிற நேரத்துல இந்த உப்பு டப்பா கடைசி டம்ளரையும் தாண்டி நின்னா, அது ஆஃப்சைடு. புரியுதா?"

அக்கா அந்தக் கடைசி டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். "இப்ப?"

"இப்ப நீ டிஃபண்டரையே குடிச்சிட்ட," என்றார் மாமா.

அந்த அணி அதுவரை ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம் என்று சொல்வது மரியாதைக்காகச் சொல்வது. ஜெயித்ததாக யாருக்கும் நினைவில்லை. பயிற்சியாளர் ஒடிசலான, அதிகம் பேசாத மனிதர். சொல்ல வேண்டியதைப் பெரும்பாலும் விசிலிலேயே சொல்லிவிடுவார். கேப்டனாக இருந்த பொருளாதார மாணவியை எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். கோல்கீப்பர் ஒரு ரொட்டிக் கடைக்காரரின் மகள். பாய்கிற விதத்தையும், மற்ற நேரத்தில் சுருண்டு உட்கார்ந்திருக்கிற விதத்தையும் பார்த்து அவளுக்குப் பூனை என்று பெயர்.

முதல் ஆட்டம் சொந்த மைதானத்தில். மேகம் கோட்டோரமாக மடக்கு நாற்காலியில் குடையோடு உட்கார்ந்தாள். அன்று வானம் கொள்ளை அழகாக இருந்தது. மேற்கிலிருந்து மீன் செதில்போல் சின்னச் சின்னதாக மேகங்கள் வரிசை பிடித்து வந்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு கூச்சல். பார்த்தால் பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து கிடந்தார்கள். கோல் போட்டாகிவிட்டது. ஆட்டமும் அந்த ஒரு கோலோடு முடிந்தது.

நெட்டை மூச்சிரைக்க ஓடிவந்தாள். "எப்டி மிஸ் நம்ம கோலு?"

பொய் சொல்ல மேகத்துக்கு வராது. "நான் மேல பாத்துட்டிருந்தேன்மா."

இரண்டாவது ஆட்டத்தில் நாற்காலிக்குக் கீழே உருண்ட பேனா மூடியைக் குனிந்து தேடும்போது கோல். மூன்றாவதில் வேன் டிரைவர் சாவியைப் பார்த்தீர்களா என்று கேட்க, அவருக்குப் பதில் சொல்லத் திரும்பினாள், கோல். நான்காவது ஆட்டத்துக்குக் கிளம்பும்போது மாமா கண்டித்துச் சொன்னார், "இன்னிக்காவது கண்ணை எடுக்காம பாரு." அப்படியே பார்த்தாள். கண் எரிந்தது. பந்து கம்பத்தில் பட்டது, கோல்கீப்பர் காலில் பட்டது, மேலே பறந்தது, எங்கெங்கோ போனது, உள்ளே மட்டும் போகவில்லை. ஆட்டம் முடிய இருந்தபோது தாகம் தாங்காமல் தண்ணீர்க் குடத்துப் பக்கம் எழுந்து போனாள். முதுகுக்குப் பின்னால் மைதானம் வெடித்தது.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் நெட்டை முகத்தை ரொம்பவும் சாதாரணமாக வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மிஸ், தப்பா எடுத்துக்கக் கூடாது. எங்கள்ல பாதிப் பேர் இத நம்பல."

"எதம்மா?"

"நீங்க பாக்காதப்பத்தான் கோல் விழுதுன்னு ஒரு பேச்சு. பாதிப் பேர் நம்பல. ஆனா கோல் போடறவளுங்க எல்லாரும் நம்பற பாதில இருக்காளுங்க."

மேகம் பயிற்சியாளரைப் பார்த்தாள். அவர் விசிலைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நம்பாத பாதியில் அவர் இல்லை என்று தெரிந்தது.

"சரி," என்றாள் மேகம். நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அந்தப் பருவம் முழுக்க அவள் அப்படித்தான் இருந்தாள். ஒவ்வொரு ஊரிலும் அவள் பார்த்தது மைதானத்துக்கு வெளியே இருக்கிற உலகம். ஒரு ஊரில் செங்கல் சுவர், அதன் மேல் வெயில் காய்கிற பல்லி. இன்னொரு ஊரில் அடுக்குமாடி வீடு, அதன் பால்கனியில் ஒரு பெண் போர்வையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, போர்வைக்கு மேலாக எட்டி ஆட்டம் பார்த்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களின் முகங்கள் எல்லாம் சேர்ந்து இடது பக்கம் போகும், வலது பக்கம் போகும், காற்றில் சாய்கிற புல்போல. அந்த முகங்களை வைத்தே பந்து எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது.

அப்புறம் காது. அவளுக்கே தெரியாமல் அவள் காது ஆட்டம் கற்றுக்கொண்டது. நல்ல உதைக்கு அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். கெட்ட உதைக்குக் கன்னத்தில் அறைகிற மாதிரி. பூனை பந்தைப் பிடித்தால் 'தப்' என்று ஒரு முறை கேட்கும், நழுவவிட்டால் இரண்டு முறை. நெட்டை ஓடும்போது மற்ற காலடிகளுக்கு நடுவே அவள் காலடி மட்டும் அகலமாக விழும். கோலுக்கு முன்னால் ஒரு கணம் யாருமே மூச்சு விடாத அமைதி வரும். அந்த அமைதிதான் மேகத்துக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது. அதற்குள் தான் மிதப்பதுபோல் இருக்கும். பிறகு கூச்சல் வந்து அவளைத் தரையில் இறக்கிவிடும்.

ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயித்துக்கொண்டே போனார்கள். வீட்டில் மாமா கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து அவளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்.

"சொல்லு, இன்னிக்கு எப்படிப் போட்டாங்க?"

"முதல்ல மெதுவா ரெண்டு தட்டு, மாமா. யாரோ யாருக்கோ குடுத்திருக்கணும். அப்புறம் நெட்டை கால் கேட்டது, வலது பக்கமா. எனக்கு எதிர்ல நின்ன ஐஸ் விக்கிறவர் வாயைத் திறந்தார். எல்லாரும் அமைதியாயிட்டாங்க. அப்புறம் ஆழமா ஒரு சத்தம், அதோட வலை உரசற சத்தம்."

மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு டம்ளர்களை அடுக்கி, உப்பு டப்பாவை வலது பக்கமாக நகர்த்தி, அந்தக் கோலை மேஜைமேல் போட்டுப் பார்ப்பார். "அருமையான கோல்," என்பார். அக்கா, "ரெண்டு பேருமே பாக்கலை, இதுல அருமை வேற," என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு போவாள். ஆனால் ஒரு நாள் மாமா வரத் தாமதமானபோது அக்காவே கேட்டாள், "ஏண்டி, அந்தப் பூனைப் பொண்ணு இன்னிக்கும் ஒண்ணும் விடலையா?"

அரையிறுதி ஒரு மலையூரில். முந்தின நாளே போய்த் தங்க வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. பூனை கண் வீங்க வந்து நின்றாள். அப்பா அனுப்ப மாட்டேன் என்கிறார். பயிற்சியாளர் போய்ப் பேசிப் பார்த்துவிட்டு இரண்டு பன்னோடு திரும்பி வந்துவிட்டார்.

மேகம் தனியாகப் போனாள். கடைக்குப் பின்னால் அடுப்பறை. சுவரெல்லாம் மாவு படிந்து வெளுத்திருந்தது. ரொட்டிக்காரர் நீளமான மரத்துடுப்பால் அடுப்பிலிருந்து தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தார். புஸ்ஸென்று உப்பியிருந்த ரொட்டிகளைப் பார்த்ததும் மேகம் வந்த காரியத்தை மறந்துவிட்டாள். வெயில் நாளில் அடிவானத்தில் வெண்மேகம் எழும்புமே, அதே உருவம், அதே வளைவு.

"என்ன மிஸ் வேணும்?" என்றார் அவர், இரண்டாவது முறையாக.

"உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போகணும்."

"வெளியூர்ல ராத்தங்கறதெல்லாம் நமக்குச் சரிப்படாதுங்க. நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவான். அப்படி என்ன பெரிய ஆட்டம் ஆடறா அவ?"

"எனக்கு ஆட்டம் தெரியாதுங்க. நான் பாத்ததும் இல்ல. ஆரம்பத்துல ஒரே ஒரு ஆட்டம் மட்டும் பாத்தேன். அவ பந்துக்கு எம்பினா, கீழ வர மறந்துட்ட மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே நின்னா."

ரொட்டிக்காரர் துடுப்பைச் சுவரில் சாய்த்தார். "சின்னதுலேருந்தே அப்படித்தான்," என்றார். "மேல் தட்டுல இருக்கற டின்னெல்லாம் ஸ்டூல் போடாம எடுப்பா. திட்டுவேன்." கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்தார். "நீங்க கூடவே இருப்பீங்களா?"

"ஒரே அறையில படுத்துக்கறேன்."

"அவ குறட்டை விடுவா," என்றார் அவர். அனுப்பச் சம்மதித்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம்.

மலையூரில் காலையில் கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே ஊரே இல்லை. எல்லாம் பனிமூட்டம். மைதானத்தில் ஒரு கோல் கம்பம் தெரிந்தது, மற்றது இருப்பதாக நம்ப வேண்டியிருந்தது. பயிற்சியாளர் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார்.

"மிஸ், நீங்க இதெல்லாம் படிச்சவங்க. இது எப்ப விலகும்?"

வகுப்புக்கு வெளியே யாரும் அவளிடம் இதுவரை புவியியல் கேட்டதில்லை. அவள் தரையைத் தொட்டுப் பார்த்தாள், காற்றுக்கு முகத்தைக் காட்டினாள். "வெயில் தரைக்கு வந்ததும் விலகிடும். அரை மணி போதும்," என்றாள் திடமாக.

விலகவே இல்லை. இன்னும் கூடியது. நடுவர் மைதானத்தின் நடுவில் போய் நின்று இரண்டு பக்கமும் பார்த்து, தனக்குத் தெரிகிறது என்று சொல்லி ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். அன்று நாற்காலியைத் திருப்பிப் போட வேண்டிய அவசியமே இல்லை. எல்லாரும் அவளைப்போலக் காதால்தான் பார்த்தார்கள். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கால் வரும், ஒரு பந்து வரும், மறைந்துவிடும். பூனை அந்தக் கோடியில் தனியாக நின்று, "என்னடி நடக்குது அங்க?" என்று கத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. மேகம் கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு அவள் கோலுக்குப் பின்னால் போய் வலைக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"இப்ப நம்மகிட்ட இருக்கு," என்றாள் கேட்டுக்கொண்டே. "நெட்டை ஓடறா. இல்ல, போயிடுச்சு. இந்தப் பக்கம் வருது. உன் இடது பக்கம்."

பனிக்குள்ளிருந்து பந்து இடது பக்கம் வந்தது. பூனை அங்கே இருந்தாள். 'தப்' என்று ஒரு முறைதான் கேட்டது.

எங்கோ தூரத்தில், யாருமே சரியாகப் பார்க்காத ஒரு கோலால் அந்த ஆட்டத்தை ஜெயித்தார்கள். போட்டவள் யார் என்பதில் இரண்டு பேருக்குள் வேனில் திரும்பும் வழியெல்லாம் சண்டை.

இறுதியாட்டம் நகரத்தில், படிப்படியாக இருக்கைகள் வைத்த பெரிய மைதானத்தில். மாமா கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு, சலவைச் சட்டையோடு அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ரொட்டிக்காரரும் கூட்டத்தில் எங்கோ இருந்தார். உடை மாற்றும் அறையில் பெண்கள் ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தபோது, பயிற்சியாளர் வழக்கம்போல, "மிஸ்ஸுக்கு நாற்காலி அந்தச் சுவர்ப் பக்கம் போட்டிருக்கு," என்றார்.

மேகம் எழுந்து நின்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று தெரிந்து எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"இல்ல. நான் இன்னிக்குப் பாக்கணும்."

முன்வரிசையில் ஆடுகிற பெண் ஒருத்தி கண் கலங்க, "மிஸ், இந்த ஒரு ஆட்டம் மட்டும் திரும்பி உக்காந்துக்கங்க மிஸ்," என்றாள்.

"தெரியும்மா. நீங்க தோத்தா என்னாலன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஆனா இத்தனை நாள் உங்ககூட வந்தேன். உங்க யாரோட ஆட்டத்தையும் நான் ஒழுங்கா நேருக்கு நேரா பாக்கல. எனக்குப் பாக்கணும்போல இருக்கு."

இவ்வளவு நீளமாக, இன்னொருவர் எடுத்துக் கொடுக்காமல், அவள் ஒன்றைக் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை. நெட்டை ஷூவைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். "மிஸ் பாக்கட்டும்டி," என்றாள். "நாம ஒழுங்கா ஆடுவோம்."

மேகம் பார்த்தாள். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. காதால் கேட்டபோது அவ்வளவு தெளிவாக இருந்த ஆட்டம் கண்ணுக்கு ஒரே நெரிசலாக இருந்தது. பிறகு மெல்ல மெல்ல, சத்தங்களுக்கு உருவம் வந்து சேர்ந்தது. அந்த அகலமான காலடி இப்படித்தான் இருக்குமா. பூனை பந்தை நெஞ்சோடு அணைக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாளா. இரண்டாம் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. பெஞ்சில் இருந்த பெண்கள் தலையைத் திருப்பி மேகத்தைப் பார்த்தார்கள். முன்வரிசைப் பெண் மைதானத்திலிருந்தே பார்த்தாள். முதுகைத் திருப்பிவிடலாமா என்று மேகத்துக்குத் தோன்றியது. திருப்பவில்லை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தன் பெண்கள் போட்டு அவள் கண்ணால் பார்த்த முதல் கோல் பார்க்கச் சகிக்காத கோல். கோல் முன்னால் ஒரே கால்களாகக் கிடக்க, யாரோ உதைத்தது யார்மேலோ பட்டு, தடுமாறி எழுந்த நெட்டையின் தோளில் மோதி, சோம்பேறித்தனமாக உருண்டு கோட்டைத் தாண்டியது. மேகம் பக்கத்திலிருந்த பெண்ணிடம், "இது கோல்தானா?" என்று கேட்டாள். அந்தப் பெண் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மேலே இருக்கைகளில் மாமா எழுந்து நின்று யாரோ ஒருவருக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் பூனை பந்தைப் பிடித்து, நாலடி ஓடிவந்து, முழு பலத்தோடு உதைத்தாள். பந்து ஏறியது. ஏறிக்கொண்டே போய், மாலை வெளிச்சத்தில் பாதி சிவந்து, இறங்குவதற்கு மனமில்லாததுபோல் அங்கே கொஞ்சம் தங்கியது. கீழே நெட்டை அண்ணாந்தபடி ஓடிக்கொண்டிருந்தாள். பந்தும் அவளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருத்தியைத் தாண்டினாள். மைதானம் மூச்சை நிறுத்தியது. மேகத்துக்கு நன்றாகத் தெரிந்த அந்த அமைதி வந்தது. இந்தத் தடவை அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் ஒரு நெட்டையான பெண் பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, காலை வீசிக்கொண்டிருந்தாள்.

வலை உப்பியது.

ஜெயித்துத் திரும்பியதும் ஒரு வாரம் கல்லூரியே ஒரு மாதிரி மயக்கத்தில் நடந்தது. முதல்வர் அம்மா மேடையில் அணியைப் பாராட்டும்போது கூடைப்பந்து என்று சொல்லிவிட்டார். யாரும் திருத்தவில்லை. ரொட்டிக்காரர் கூடை நிறைய பன் அனுப்பினார். பயிற்சியாளர் மேகத்திடம் வந்து, அவள் பார்த்தால் கோல் விழாது என்ற பேச்சைத் தான் ஒருபோதும் நம்பியதில்லை என்றார். "சரி," என்றாள் மேகம், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அடுத்த வருடம் நெட்டை படிப்பை முடித்துப் போனாள். பாதி அணி போனது. புதிய பெண்கள் வந்தார்கள், ஜெயித்தார்கள், தோற்றார்கள், தோற்றது கொஞ்சம் அதிகம். மேகம் எல்லா ஆட்டத்துக்கும் போனாள். வீட்டில் அக்கா ஜன்னலுக்குப் புதுத் திரை எடுத்துவந்து காட்டியபோது, "எனக்கு இந்த நிறம் வேண்டாம்க்கா," என்றாள். அக்கா சமையலறைக்குப் போய் மாமாவிடம், "அவ வேண்டாம்னு சொல்றா," என்று ஏதோ நல்ல செய்திபோல் சொன்னாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு சனிக்கிழமை, மாமாவைக் கூட்டிக்கொண்டு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனாள். அடியில் முளைகள் வைத்த ஷூக்களை வரிசையாகத் தூக்கிப் பார்த்தாள். கடைக்காரர் பெட்டிகளை இறக்கி வைத்தார்.

"பொண்ணுக்காம்மா? என்ன சைஸ் போடுவா?"

"எனக்குத்தாங்க," என்று செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். "சாயங்காலம் பொண்ணுங்ககூடக் கொஞ்ச நேரம் ஆடிப் பாக்கலாம்னு."

கடைக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா மிகுந்த கௌரவத்தோடு தலையாட்டினார். கடைக்காரர் அளவெடுக்கக் குனிந்தபடியே கேட்டார்.

"எந்த இடத்துல ஆடறீங்க? முன்வரிசையா, பின்வரிசையா?"

மேகம் யோசித்தாள். மாமா பதில் சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"இன்னும் முடிவு பண்ணல," என்றாள். "அந்தக் கறுப்பைக் காட்டுங்க."